வளாக மின் செலவைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது? இரவு 2 மணியிலிருந்து

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் எஸ்டேட் அலுவலகப் பொறியாளர் கேட்டிருப்பது இது: வளாகத்தில் சிறிதும் பெரிதுமாக 40 கட்டடங்கள், நான்கு டிரான்ஸ்ஃபார்மர், ஒரே ஹெச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு. விடுதிகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு இ.பி. பில் ஏறுகிறது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஸ்மார்ட் மீட்டர், நுழைவாயிலில் பெரிய திரை என்று ஒரு நிறுவனம் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறது. வாங்கலாமா? வாங்கினால் செலவு எவ்வளவு குறையும்?

வாங்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். 40 மீட்டரும் வேண்டாம். மீட்டர் மாட்டியதால் மட்டும் ஒரு யூனிட்கூடக் குறையாது. அது காட்டுவதை வாராவாரம் ஒருவர் பார்க்க வேண்டும். பார்த்தவருக்கு ஒரு சுவிட்சை அணைக்கச் சொல்லும் அதிகாரமும் இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் திரை மட்டும் வந்தால், ஆறு மாதத்தில் அந்தத் திரையும் வீணாக மின்சாரம் குடிக்கும் இன்னொரு பொருளாகிவிடும். ஆகவே மீட்டருக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளை முதலில் சொல்கிறேன். அவற்றுக்குப் பெரும்பாலும் பணமே தேவைப்படாது.

உங்கள் வளாகத்தில் ஏற்கெனவே ஒரு நல்ல மீட்டர் இருக்கிறது. யார்டில் மின் வாரியம் வைத்திருக்கும் ஹெச்.டி. மீட்டர்தான் அது. மாதம் ஒரு முறை பில்லுக்கான எண்ணைத் தருவதோடு அதன் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு 15 அல்லது 30 நிமிடத்துக்கும் எவ்வளவு சுமை ஓடியது என்பதையும் அது நினைவில் வைத்திருக்கிறது. 'லோடு சர்வே' என்பார்கள். அந்தப் பதிவைக் கேட்டு மின் வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மீட்டர்களைச் சோதிக்கும் எம்.ஆர்.டி. பிரிவில் விசாரித்தால் வழி தெரியும். கிடைத்ததும் எக்செல்லில் போட்டு மூன்று கோடுகள் வரையுங்கள்: சாதாரண வேலை நாள், ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக் காலத்தில் ஒரு நாள். கிடையாக 24 மணி நேரம், செங்குத்தாகக் கிலோவாட்.

அந்தப் படத்தில் எல்லோர் கண்ணும் உச்சிக்குத்தான் போகும். நீங்கள் அடியைப் பாருங்கள். இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் கோடு எந்த உயரத்தில் கிடக்கிறது? அந்த நேரத்தில் வகுப்பு இல்லை, அலுவலகம் இல்லை, விடுதியில் மின்விசிறி மட்டும்தான் ஓட வேண்டும். ஆனாலும் கோடு தரையில் இருக்காது. உதாரணத்துக்கு அது 120 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கச் சிறிய எண்தான். ஆனால் இது பகலிலும், ஞாயிறிலும், மே மாத விடுமுறையிலும் மற்ற சுமைக்கு அடியில் ஓடிக்கொண்டே இருப்பது. ஆண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கினால் பத்தரை லட்சம் யூனிட். வளாகத்தின் ஆண்டுச் செலவு 25 லட்சம் யூனிட் என்றால், அதில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இந்தக் கண்ணில் படாத சுமைக்கே போய்விடுகிறது.

வாரத்துக்கு 168 மணி நேரம். வகுப்பறைக் கட்டடத்தில் ஆள் இருப்பது ஏறத்தாழ 40 மணி நேரம். மீதி 128 மணி நேரத்தில் அந்தக் கட்டடம் என்ன செய்கிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. மின்சிக்கனம் என்றாலே வகுப்பை விட்டு வெளியேறும்போது விசிறியை நிறுத்துங்கள் என்று மாணவர்களுக்கு ஒட்டும் ஸ்டிக்கரோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். அது தவறில்லை. ஆனால் வளாகத்தின் பெரிய விரயம் ஆள் இல்லாத நேரத்தில், மாணவர் கைக்கு எட்டாத சுவிட்சுகளில் நடக்கிறது.

இதை உங்கள் நிர்வாகத்திடம் நிரூபிக்க ஒரு சான்று ஏற்கெனவே இருக்கிறது. 2020 ஊரடங்குக் கால பில்களை எடுங்கள். மே, ஜூன் மாதங்களில் மாணவர் இல்லை, வகுப்பு இல்லை, விடுதி காலி. அப்போதும் ஓடிய யூனிட்தான் உங்கள் வளாகத்தின் ஆளில்லாச் சுமை. அதைச் சாதாரண ஆண்டின் அதே மாதங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பதிவாளருக்கு வேறு விளக்கமே தேவைப்படாது. அதில் எவ்வளவு ஆராய்ச்சிக் கூடத்தின் உறைவிப்பான்களுக்கும் சர்வர் அறைக்கும் நியாயமாகப் போனது, எவ்வளவு காரணமே இல்லாமல் போனது என்று பிரிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

பிரிப்பதற்கு இரவில் நடக்க வேண்டும். ஒரு ஞாயிறு இரவு, 11 மணிக்கு மேல், வளாகத்தில் அதிக ஆண்டு அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பேனலில் எந்தச் சுவிட்ச் எந்தக் கட்டடத்துக்குப் போகிறது என்பது வரைபடத்தில் இருக்காது, அவருக்குத்தான் தெரியும். கையில் ஒரு டாங் டெஸ்டர் (கம்பியைக் கவ்விக் கரண்டை அளக்கும் கருவி) போதும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கட்டடங்களுக்குப் போகும் ஒவ்வொரு மின்வழியிலும் (ஃபீடர்) மூன்று ஃபேஸின் ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிது: மூன்று ஃபேஸிலும் 10 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ ஆறரை கிலோவாட். விடிவதற்குள் உங்கள் 120 கிலோவாட் எங்கெங்கே கிடக்கிறது என்பது ஒரே தாளில் வந்துவிடும்.

பிறகு அதிகம் காட்டிய கட்டடங்களுக்குள் போங்கள். பெரும்பாலும் இவைதான் அகப்படும்: பூட்டிய வகுப்பறைக் கட்டடத்தில் யாருக்கும் தண்ணீர் தராமல் இரவெல்லாம் கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்கும் வாட்டர் கூலர்கள். கழிவறை எக்ஸாஸ்ட் விசிறிகள். 18 டிகிரியில் வைத்த சர்வர் அறை ஏ.சி. யாரும் அணைக்காத கணினி ஆய்வகம். 60 கணினிகள் திரை இருண்டும் உள்ளே விழித்திருந்தால், ஒன்றுக்கு 50 வாட் என்றாலும் 3 கிலோவாட். மாலை 5 மணியிலிருந்து காலை 9 மணி வரை 48 யூனிட். ஒரு ஆய்வகத்துக்கு, ஒரு இரவுக்கு. அந்த ஆய்வகத்தின் யு.பி.எஸ். தன் பங்குக்குத் தனியாகச் சூடாகிக்கொண்டிருக்கும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் விட்டுவிடாதீர்கள். விடுதி நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அங்கே தொட்டிக்குள் காற்று ஊதும் புளோயர் ஒரே வேகத்தில்தான் ஓடும். தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்து ஓட்டினால் பாதி நேரம் நிறுத்த முடியும் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரவுச் சுமை எல்லாமே விரயம் கிடையாது. வேதியியல் சேமிப்பறையின் காற்றோட்டம், ஆராய்ச்சி விலங்குகள் இருக்கும் அறை, தீயணைப்புப் பம்பின் துணை மோட்டார், அவசர விளக்குகள் ஆகியவற்றில் கை வைக்கவே கூடாது. நூலகத்திலிருந்து பெண்கள் விடுதிக்குப் போகும் பாதை விளக்குகளும் அப்படித்தான். சிக்கனத்தின் பெயரால் அந்தப் பாதையை இருட்டாக்கிய வளாகங்கள் உண்டு. எல்.இ.டி. ஆக மாற்றுங்கள், வெளிச்சத்தைக் கூட்டுங்கள், ஆனால் அணைக்காதீர்கள். தெருவிளக்கில் உண்மையான விரயம் பகலில்தான். பழைய டைமர் சூரிய உதயம் மாறுவதை அறியாது. ஊருக்கேற்ற உதய, அஸ்தமன நேரத்தைத் தானே கணக்கிடும் டைமர்கள் இப்போது மலிவாகவே கிடைக்கின்றன.

அடுத்து பில். யூனிட்டை மட்டும் பார்க்காதீர்கள். ஹெச்.டி. பில்லில் டிமாண்ட் கட்டணம், அதாவது ஒரே நேரத்தில் எடுக்கும் உச்சச் சுமைக்கான கட்டணம், தனி. தமிழ்நாட்டில் பதிவான உச்ச டிமாண்ட் அல்லது ஒப்பந்த டிமாண்டில் 90%, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். உங்கள் ஒப்பந்தம் 1,000 கேவிஏ (டிமாண்டை அளக்கும் அலகு), ஆண்டு முழுவதும் மீட்டர் தொட்ட உச்சம் 640 என்றால், மாதாமாதம் 900-க்குப் பணம் போகிறது. தேவையில்லாத 260 கேவிஏ. புதுக் கட்டடம் வரும் என்று எப்போதோ கேட்டு வாங்கிய டிமாண்ட் அப்படியே கிடக்கும். 12 மாத பில்லை வரிசையாக வைத்துப் பார்த்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் வரவிருக்கும் சுமையையும் கூட்டி, ஒப்பந்தத்தைக் குறைக்க விண்ணப்பியுங்கள். ரொம்பவும் இறுக்கிப் பிடித்துவிட வேண்டாம். ஒப்பந்தத்தை மீறினால் மீறிய அளவுக்குக் கூடுதல் விகிதத்தில் கட்ட வேண்டியிருக்கும்.

சோலார் போட்ட வளாகங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு சிக்கல் உண்டு. கூரையில் சோலார் வந்தபின் பவர் ஃபேக்டர் (வாங்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) விழுந்து அபராதம் வந்துவிட்டது, தகடு சரியில்லை என்று குறைபட்டுக்கொள்வார்கள். தகடு சரியாகத்தான் இருக்கும். வளாகம் 400 கிலோவாட் எடுக்கிறது, பவர் ஃபேக்டர் 0.90 என்று வைத்துக்கொள்வோம். அப்போது ரியாக்டிவ் சுமை, அதாவது மோட்டார்களின் காந்தப்புலத்துக்காக வந்து திரும்பும் சுமை, ஏறத்தாழ 194 கேவிஏஆர். நண்பகலில் சோலார் 250 கிலோவாட் கொடுக்கிறது. வாரியத்திடமிருந்து வருவது 150 கிலோவாட்டாக இறங்கிவிடும். ஆனால் இன்வெர்ட்டர் ரியாக்டிவ் எதையும் தராததால் அந்த 194 அப்படியே வாரியத்திடமிருந்துதான் வர வேண்டும். கணக்குப் போட்டால் மீட்டர் பார்க்கும் பவர் ஃபேக்டர் 0.61. தமிழ்நாட்டில் 0.90-க்குக் கீழே போனால் அபராதம். தீர்வு இரண்டு. ரியாக்டிவ் சுமையை ஈடுகட்டும் தானியங்கிக் கெபாசிட்டர் பேனலின் சி.டி. (கரண்டை அளந்து சொல்லும் சுருள்) வாரியத்திலிருந்து வரும் மொத்தக் கரண்டைப் பார்க்கும் இடத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பல இடங்களில் அது சோலார் இணையும் இடத்துக்குத் தவறான பக்கத்தில் மாட்டியிருக்கும். அல்லது இன்வெர்ட்டரையே கொஞ்சம் ரியாக்டிவ் தரும்படி அமைக்கலாம். இப்போதைய இன்வெர்ட்டர்களில் அந்த வசதி உண்டு.

சோலார் யூனிட்டைக் குறைக்கும். ஆனால் டிமாண்டையும் குறைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். விடுதிகள் அதிகமுள்ள வளாகத்தில் உச்சம் இரவு 7 மணிக்கு மேல் வரக்கூடும். அப்போது வெயில் இல்லை. ஆனால் தண்ணீர் ஏற்றுவதைப் பகல் 11 முதல் 3 மணிக்குள் மாற்றினால் சோலார் மின்சாரமும் பயன்படும், இரவு உச்சமும் குறையும்.

தண்ணீர் என்றதும் பம்ப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வளாகத்தில் யாரும் அளக்காத பெரிய சுமை அதுதான். அளப்பதும் மிக எளிது. மேல்நிலைத் தொட்டி 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். வெளியேறும் வால்வை மூடுங்கள், ஒரு அளவு நாடாவால் நீர்மட்டத்தைக் குறியுங்கள், பம்ப் ஹவுஸ் மீட்டரின் எண்ணையும் குறித்துக்கொண்டு மோட்டாரைப் போடுங்கள். நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் 20,000 லிட்டர். அதற்கு எத்தனை யூனிட் ஆனது? சம்ப்பிலிருந்து (தரைத் தொட்டி) மேல்நிலைத் தொட்டிக்கு, குழாய் உராய்வையும் சேர்த்து மொத்தம் 30 மீட்டர் என்றால், 20,000 லிட்டரை அந்த உயரம் தூக்க இயற்பியல் கேட்பது 1.64 யூனிட்தான். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 50% திறனோடு ஓடினால் 3.3 யூனிட். உங்கள் மீட்டர் 7 யூனிட் காட்டினால் திறன் 23%. நான்கில் மூன்று பங்கு சூடாகவும் இரைச்சலாகவும் போகிறது.

காரணங்களும் பெரும்பாலும் பழக்கமானவைதான். தேய்ந்த இம்பெல்லர் (பம்புக்குள் நீரைத் தள்ளும் சக்கரம்), கசியும் ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடி வால்வு), குறுகிய குழாய், எப்போதோ பாதி மூடி மறந்த வால்வு. எல்லாவற்றையும்விட அடிக்கடி பார்ப்பது, 60 மீட்டர் உயரத்துக்கென்று செய்த பம்பை 30 மீட்டருக்கு ஓட்டுவது. பெரிய மோட்டார் போட்டால் நல்லது என்ற எண்ணத்தில் வாங்கியது. ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் 3,000 பேருக்கு 4 லட்சம் லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 0.2 யூனிட் குறைத்தாலே நாளைக்கு 80 யூனிட், ஆண்டுக்கு 29,000. தொட்டி நிரம்பி வழிந்தால் அதுவும் மின்சாரம் வழிவதுதான். ஒழுகும் ஃப்ளஷ் டேங்க்கை பிளம்பர் சரிசெய்வதும் மின்சிக்கன வேலையே. எலக்ட்ரிக்கல், பிளம்பிங் என்று எஸ்டேட் அலுவலகத்தில் இரண்டு பிரிவாக இருப்பதால் இந்த உறவு யார் கணக்கிலும் வருவதில்லை.

விசிறிகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிரஷ் இல்லாத மோட்டார்) ஆக மாற்றலாமா என்று கேட்பார்கள். சாதாரண விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. 30 வாட், ஆக மிச்சம் 45 வாட். ஆனால் எங்கே மாற்றுகிறோம் என்பதில்தான் கணக்கு இருக்கிறது. விடுதி அறையில் விசிறி நாளைக்கு 14 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடும். மிச்சம் 189 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் ஏறத்தாழ 1,500 ரூபாய், இரண்டு ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். வகுப்பறையில் நாளைக்கு 6 மணி நேரம், 200 நாள். மிச்சம் 54 யூனிட், 430 ரூபாய். பணம் திரும்ப ஆறேழு ஆண்டு. ஆகவே விடுதியில் தொடங்குங்கள். நிர்வாகக் கட்டடத்தில் முதலில் மாட்டிப் படம் எடுக்கும் வழக்கம் இருக்கிறது, அங்கே மிச்சம் மிகக் குறைவு. இன்னொன்று: ரிமோட்டில் மட்டும் இயங்கும் விசிறியை விடுதிக்கு வாங்காதீர்கள். ஒரே செமஸ்டரில் பாதி ரிமோட் காணாமல் போகும். சுவர் சுவிட்சிலோ ரெகுலேட்டரிலோ வேகம் மாறும் வகையைக் கேட்டு வாங்குங்கள். 2023 ஜனவரியிலிருந்து கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம் என்பதால் டெண்டரில் நட்சத்திரத்தைக் குறிப்பிடுவது இப்போது எளிது.

டியூப்லைட்டுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பழைய சோக்குடன் 50 வாட் எடுப்பதை 20 வாட்டாக மாற்றுவது எங்கும் லாபம்தான். ஏ.சி.யில் ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6% மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. சொல்லும் கணக்கு. நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 முதல் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் 26 டிகிரியும் மெதுவாகச் சுழலும் விசிறியும் சேர்ந்தால் போதும் என்பது என் கருத்து.

மையக் குளிரூட்டல் இருக்கும் கட்டடத்தில் வேறொரு சங்கதி. சனிக்கிழமை ஒரே ஒரு கூட்ட அறைக்காக நீரைக் குளிர்விக்கும் மொத்தச் சில்லரும், அதன் பம்புகளும், கூலிங் டவரும் ஓடும். அந்த அறைக்குத் தனியாக ஒரு ஸ்பிளிட் ஏ.சி. வைப்பது மேல். குளிர்நீர்ப் பம்புக்கும், குளிர்காற்றை அறைகளுக்கு அனுப்பும் ஏ.ஹெச்.யு. விசிறிக்கும் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போடுவது நல்ல முதலீடு. வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகிவிடும்.

ஆராய்ச்சிக் கூடங்களில் மைனஸ் 80 டிகிரி உறைவிப்பான்களைக் கணக்கெடுங்கள். ஒன்று நாளைக்கு 15 முதல் 20 யூனிட் எடுக்கும், ஒரு சிறு குடும்பத்தின் வீட்டுச் செலவைத் தாண்டிவிடும். பல மாதிரிகளை மைனஸ் 70-இல் வைத்தாலே போதும், அப்படி வைத்தால் கால் பங்கு வரை குறையும் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில ஆண்டுகளாகவே செய்துவருகின்றன. ஆனால் இதை எஸ்டேட் அலுவலகம் உத்தரவாகப் போடக்கூடாது. எந்த மாதிரி எந்த வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்பதை அந்த ஆராய்ச்சியாளர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கக்கூடியது இரண்டு: உறைபனியைச் சுரண்டி கண்டென்ஸர் வடிகட்டியைச் சுத்தம் செய்தீர்களா? யாருடையது என்றே தெரியாத மாதிரிகள் எவ்வளவு இருக்கின்றன? இரண்டாவது கேள்வியால் ஒரு உறைவிப்பான் முழுவதுமே காலியாவதுண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, வளாகத்தின் மின்செலவை நிர்ணயிப்பவர் எலக்ட்ரீஷியன் அல்லர், டைம்டேபிள் போடுபவர். மாலை வகுப்புகள் ஐந்து கட்டடத்தில் ஒவ்வொன்றாகச் சிதறிக் கிடந்தால் ஐந்தும் இரவு 8 மணி வரை திறந்திருக்கும். அவற்றை ஒரே கட்டடத்துக்கு மாற்றினால் நான்கைப் பூட்டிவிடலாம். கோடைக்கால வகுப்பு, தொலைநிலைக் கல்வியின் ஞாயிறு வகுப்பு, தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் எந்த ஆற்றல் தணிக்கை அறிக்கையிலும் நான் இதைப் பார்த்ததில்லை. உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டுக்குத் தணிக்கைச் சான்று வேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் அறிக்கைகள் விளக்கையும் விசிறியையும் எண்ணி முடித்து, கோப்பில் உறங்கிவிடுகின்றன. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. அதே தணிக்கையாளரிடம் இரவுச் சுமையை அளந்து தாருங்கள் என்று கேட்டிருந்தால் செய்துகொடுத்திருப்பார்.

இப்போது மீட்டர். இதெல்லாம் செய்து முடித்தபின் எங்கே மீட்டர் வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். நான்கு டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி. (குறைந்த அழுத்த) பக்கம் ஒவ்வொன்று. பிறகு விடுதிகள், மெஸ், சில்லர், ஆராய்ச்சிக் கட்டடம், சர்வர் அறை, பம்ப் ஹவுஸ், சுத்திகரிப்பு நிலையம், சோலார். ஏறத்தாழ 14 இடம். வளாகச் சுமையின் பெரும்பகுதி இவற்றுக்குள் அடங்கிவிடும். மீதிச் சிறு கட்டடங்களுக்கு ஆண்டுக்கு இருமுறை டாங் டெஸ்டர் போதும்.

மாட்டிய அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். கீழே உள்ள மீட்டர்களின் கூட்டுத்தொகையும், டிரான்ஸ்ஃபார்மர் இழப்பும், அளக்காத சிறு ஃபீடர்களும் சேர்ந்து ஹெச்.டி. மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். பொருந்தாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சி.டி.யை. பேனலில் 400/5 சி.டி. இருக்க, மீட்டரில் 200/5 என்று பதிந்திருந்தால் பாதிதான் காட்டும். மூன்று சி.டி.யில் ஒன்று தலைகீழாக மாட்டியிருந்தால், ஒரு ஃபேஸ் இன்னொன்றைக் கழித்துவிட்டு மூன்றில் ஒரு பங்குதான் தெரியும். இப்படி மாட்டிய மீட்டரை வைத்துக்கொண்டு இந்தக் கட்டடம்தான் சிக்கனமானது என்று பரிசு கொடுத்துவிடக் கூடாது.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பதிய வேண்டும்? பில்லுக்கும் டிமாண்டுக்கும் 15 நிமிடம் போதும். பம்ப் எத்தனை முறை போட்டு நிற்கிறது, கம்ப்ரஸர் எப்படிச் சுழல்கிறது என்று பார்க்க ஒரு நிமிடப் பதிவு வேண்டும். டெல்லி ஐ.ஐ.ஐ.டி.யில் வளாகக் கட்டடங்களின் மின்சுமையை நிமிடத்துக்கு ஒருமுறை 52 மாதங்கள் பதிந்து, ஐ-பிளெண்ட் என்ற பெயரில் எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் மின்னியல், கணினித் துறை மாணவர்களுக்கு இதுபோன்ற தரவு தங்கம். புராஜெக்ட்டுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை, உங்கள் வரைபடங்களை அவர்களே வாசித்துக் குறை சொல்வார்கள்.

விடுதி மாணவர்களுக்குத் தங்கள் செலவைக் காட்டினால் பயன் உண்டா? உண்டு. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் 2005-இல் விடுதிகளுக்கு இடையே இரண்டு வாரப் போட்டி நடத்தினார்கள். சில விடுதிகளில் ஓடும் சுமையை உடனுக்குடனும், மற்றவற்றில் வாரம் ஒருமுறையும் காட்டினார்கள். மின்செலவு மொத்தத்தில் 32% குறைந்தது. தண்ணீரில் 3% மட்டுமே. போட்டி நாட்களின் வேகத்தை ஆண்டு முழுவதற்கும் எதிர்பார்க்க முடியாது என்பதால் இதைத் திட்டத்தின் மையமாக வைக்க மாட்டேன். ஆனால் வார்டனுக்கும் மாணவர் பிரதிநிதிக்கும் வாராவாரம் தங்கள் விடுதியின் எண்ணை அனுப்புவது நல்ல பழக்கம். துறைகளுக்கும் அப்படியே. பில் மொத்தமாக நிதி அலுவலகத்துக்குப் போவதால், தன் துறைக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று ஒரு துறைத்தலைவருக்கும் தெரியாது. பணம் பிடிக்க வேண்டாம், எண்ணைச் சொன்னாலே போதும்.

அந்த எண்ணைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். திங்கள் காலை ஒரு மணி நேரம் அவருடைய வேலை இதுதான்: சென்ற வார இரவுச் சுமை, ஞாயிறுச் சுமை, உச்ச டிமாண்ட், மதிய இடைவேளையில் கோடு இறங்கியதா இல்லையா. வகுப்பறைக் கட்டடத்தில் மதியம் 1 மணிக்குக் கோடு இறங்கவில்லை என்றால் காலி அறைகளில் விசிறி ஓடுகிறது என்று பொருள். ஒரு பக்கக் குறிப்பு, மூன்று பேருக்கு. அதில் ஏறியது எது, ஏன், யாரிடம் பேசியாயிற்று என்று இருக்க வேண்டும்.

குறைந்ததைக் கணக்கிடும்போது நேர்மையாக இருங்கள். இந்த ஏப்ரலைப் போன மார்ச்சோடு ஒப்பிட வேண்டாம். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு, வேலை நாள் எண்ணிக்கை, விடுதியில் தங்கியோர், அந்த மாத வெயில் மூன்றையும் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். மழை பெய்து குளிர்ந்த மாதத்தின் மிச்சத்தை எல்.இ.டி. கணக்கில் எழுதினால், அடுத்த கோடையில் நிர்வாகம் உங்கள் மீதான நம்பிக்கையை இழந்துவிடும். கரிமக் கணக்கு கேட்டால், இந்திய மின்தொகுப்பில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு லட்சம் யூனிட் குறைத்தால் 70 டன்.

எவ்வளவு குறையும் என்ற கேள்விக்கு உங்கள் லோடு சர்வேயைப் பார்க்காமல் ஒரு சதவீதம் சொல்வது சரியாக இருக்காது. மேலே சொன்ன உதாரணத்திலேயே 120 கிலோவாட் இரவுச் சுமையை 80 ஆக இறக்கினால் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் யூனிட், 25 லட்சத்தில் 14%. விசிறி, பம்ப், ஏ.சி. எதையும் மாற்றும் முன்பே.

விலைப்புள்ளி கொடுத்த நிறுவனத்துக்கு இப்படி எழுதுங்கள். எங்களுக்கு 14 இடத்தில் மட்டும் மீட்டர் வேண்டும், துல்லிய வகுப்பு 0.5 (பிழை அரை சதவீத அளவில்). மோட்பஸ் (மீட்டர்கள் கணினியோடு பேசும் பொது மொழி) வசதியும், எந்த எண் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அதன் ரெஜிஸ்டர் பட்டியலும் எங்களிடம் இருக்க வேண்டும். நொடிக்கு நொடி மாறும் கிலோவாட்டோடு, கூடிக்கொண்டே போகும் யூனிட் எண்ணையும் பதிய வேண்டும். இணையம் இரண்டு நாள் அறுந்தாலும் அந்த இரண்டு நாளின் மொத்தம் அப்போதுதான் தொலையாது. தரவு எங்கள் சர்வரில் இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் சி.எஸ்.வி. கோப்பாக எடுக்க முடிய வேண்டும், ஆண்டுச் சந்தா நின்றாலும் மீட்டர் பேசுவது நிற்கக்கூடாது. கூட்டுத்தொகைச் சோதனை 3 சதவீதத்துக்குள் வந்த பிறகே கடைசித் தவணை. நுழைவாயில் திரைக்கு ஒதுக்கிய தொகையில் பம்ப் ஹவுஸுக்கு ஒரு நல்ல தண்ணீர் மீட்டர் வாங்கிவிடுங்கள்.